மூன்று வாட் போதும்

அன்புள்ள மகனுக்கு,

என் வீட்டில் எதுவும் வெடிக்கவில்லை. எதுவும் தீப்பிடிக்கவில்லை. கரண்ட் என்னைத் தூக்கி எறியவும் இல்லை. அடுத்த வீட்டு ஜெயக்கொடி உனக்குப் போனில் சொன்னதில் இரண்டே உண்மை: அன்று ஆயுத பூஜை, என் வீட்டிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மற்றவை எல்லாம் நம் மண்டபம் ஊரிலிருந்து நீ இருக்கும் கோயம்புத்தூர் போவதற்குள் வழியில் ஏறிக்கொண்டவை. நான் என் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரில், பழைய ரேடியோவுக்குள் சிவந்து எரியுமே, அதுபோன்ற ஒரு வால்வின் கண்ணாடி கீறல் விட்டது. நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியேதான் இருந்தேன். நீ போனில் என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல், “போதும்மா, தனியா இருந்தது போதும். தீபாவளி கழிஞ்ச சனிக்கிழமை வண்டி கொண்டு வாரேன். பொட்டியக் கட்டி வைங்க. அந்தப் பாண்டியம்மாவ மொதல்ல வேலைய விட்டு நிறுத்துங்க” என்று சொல்லி வைத்துவிட்டாய். எழுபத்து மூன்று வயதில் ஒருத்தி தன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றால், நடந்தது என்னவென்றாவது அவளிடம் கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

இது உன் பெட்டியிலிருந்து தொடங்கியது. இரண்டு வருடங்களுக்கு முன் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் போகிறேன் என்று பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை வரவழைத்து, “லீவுக்கு வரும்போது இங்கன உக்காந்து கட்டலாம்மா” என்று என் பீரோவின் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனாய். அதன் பிறகு மூன்று முறை வந்தாய். மூன்று முறையும் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். போன ஆனியில் பீரோவைத் துடைக்கும்போது பாண்டியம்மாவைக் கூடப் பிடிக்கச் சொல்லிப் பெட்டியை இறக்கினேன். உள்ளே இருந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கான்வென்டில் சிஸ்டர்மார் எங்களுக்குப் பழக்கியது அது; வினாத்தாளை முழுதும் வாசிக்காமல் பேனாவைத் திறந்தால் கையில் அடி விழும். இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, இது முதன்முறை கட்டுபவர்களுக்கு ஏற்றதல்ல என்று. நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெரிய வால்வுகள் நான்கு, நான் தூக்க முடியாத டிரான்ஸ்ஃபார்மர்கள், எட்டுப் பக்கத்துக்கு மடித்த சர்க்யூட் படம். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தே அறியாத நீ அதை வாங்கியிருக்கிறாய். படித்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய். “பழகப் பழக வந்துரும்மா, பெருசா வாங்கிட்டா மறுபடி வாங்க வேண்டாம்ல” என்றாய்.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. அது என்னுடையது. உனக்கு எட்டு வயதில் சைக்கிள் வாங்கப் போனபோது, உன் அய்யா சின்ன சைக்கிளைத்தான் தொட்டுக் காட்டினார். “வளர்ற பிள்ளைக்கு ஏன் சின்னது? பெருசா எடுங்க, மறுபடி வாங்க வேண்டாம்” என்று சொன்னவள் நான். உன் கால் பெடலுக்கு எட்டவில்லை. இரண்டு வருடம் கம்பிக்கு இடையில் காலை விட்டு அரைப் பெடல் அடித்தாய். ரயில்வே கேட் சரிவில் விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டது அந்தச் சைக்கிளால்தான். உன் செருப்பு, உன் பள்ளிச் சட்டை, கல்லூரிக்கு வாங்கிய கோட்டு, எல்லாமே ஒரு அளவு பெரிதாகத்தான் இருந்தன. நீ கோட்டு போட்டுக்கொண்டு நின்ற போட்டோவில் விரல் நுனி மட்டும் தெரிகிறது. அளவாக எடுக்கத் தெரியாத பிள்ளையாக உன்னை வளர்த்தது நான்தான். இதை இதுவரை உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்கு நாற்பத்தாறு வயது. இனி உனக்குப் பொருந்துவதை நீதான் பார்த்து எடுக்க வேண்டும்.

சின்னதாக எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குக் காட்டத்தான் நான் ஒன்றைக் கட்ட முடிவு செய்தேன். மூன்று வாரம் படித்தேன், உதிரிப் பாகங்களாக விலைக்கு வரும் கிட்டுகளை எல்லாம் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் கண்ணில் படுவது பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் குட்டிப் பலகை. சுண்டுவிரல் அளவில் இரண்டு வால்வு. வால்வின் இயல்பான வெளிச்சம் போதாது என்று அடியில் நீல விளக்கு வேறு வைத்திருக்கிறார்கள். நல்ல முகத்துக்கு மேல் பவுடர் அப்பியது போல் இருக்கும். அது தனியாக ஸ்பீக்கரைப் பாட வைக்காது. ஆனாலும் அதை வாங்கினேன், நீயும் வாங்கு. பற்றவைக்கக் கை பழகுவதற்கு அதைவிட மலிவான ஸ்லேட்டு கிடையாது. தவறு செய்தாலும் ஆளைக் கொல்லாது. நான் முதலில் பற்றவைத்த இணைப்புகள் ஆட்டுப் புழுக்கை போல் உருண்டையாக நின்றன. நாற்பதாவது இணைப்பில்தான் ஈயம் பரவிப் பளபளத்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான கிட்டைத் தேர்ந்தெடுத்தேன். இடது பக்கத்துக்கு ஒரு சின்னப் பவர் வால்வு, வலது பக்கத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் முன்னால் பொதுவாக ஒன்று. ஆக மூன்று வால்வு. ஒரே தாளில் அடங்கும் படம். பக்கத்துக்கு மூன்று வாட் வரும். மூன்று வாட்டா என்று நீ உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. என் கூடத்துக்கு மூன்று வாட் போதும். கதவைத் திறந்து வைத்தால் ஜெயக்கொடி வீட்டுக்கும் போதும். முதலில் கட்டுவது பெரிதாக இருக்க வேண்டியதில்லை, கட்டி முடிப்பதாக இருக்க வேண்டும். படத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் எதற்கென்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால் அது உன் அளவு. சொல்ல முடியாவிட்டால், அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதே.

மலிவாக முடிக்க வேண்டும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத கிட்டாக எடுத்தேன். இரும்புக்குத்தான் விலையும் கூரியர் செலவும். அதை ராமநாதபுரத்தில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் காதர் பாயிடம் கட்டக் கொடுத்தேன். மெயின் டிரான்ஸ்ஃபார்மரை அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டார். ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். “என்னம்மா இது, கம்பி தலைமுடி கணக்கா இருக்கு. அடுக்கடுக்கா மாத்தி மாத்திச் சுத்தணுமா? அதுக்கு மேல இரும்புக்கு நடுவுல கேப் வேற விடணுமா? நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து எல்லாரும் இறுக்கிக் கட்டுன்னுதான் சொல்லிருக்காக. நீங்க ஒருத்தர்தான் கேப் விடச் சொல்றீக.” இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும், இடைவெளி இல்லாவிட்டால் இரும்பு திணறிப்போகும், ஓசை கெட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் பம்பு மோட்டாரோடு காத்திருந்த முதுகுளத்தூர்க்காரரைப் பார்த்து, “கேட்டுக்கங்கண்ணே, இரும்புக்கு மூச்சு முட்டுதாம். ஒங்க மோட்டாருக்கும் கொஞ்சம் தைலம் தடவித் தரவா?” என்றார். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் கழிந்துபோன தேதிகளைக் கிழித்து, மடித்து, இரும்புக்கு நடுவில் கொடுத்துத்தான் அந்த இடைவெளியை விட்டார். பிறகு நம் ஊர் உப்புக்காற்றுக்காக எல்லாவற்றையும் வார்னிஷில் முக்கிக் காயவைத்தார். “இன்ஷா அல்லாஹ், பாடும். பாடலேன்னா எம்பேரச் சொல்லாதீக” என்று கையில் கொடுத்தார்.

நீ பயப்படுவது கரண்டுக்கு. அதற்கும் சொல்கிறேன். இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரிலும் இருநூற்றைம்பது வோல்ட் ஓடுகிறது, அது விளையாட்டல்ல. ஆரம்பிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்தேன். கசிவு வந்தால் தானே விழும் சுவிட்சைப் போட வைத்தேன். மேசைக்கு அடியில் ரப்பர் பாய் விரித்தேன். மூடி திறந்திருக்கும்போது ஒற்றைக் கை மட்டும்தான் உள்ளே போகும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். பள்ளியில் எட்டு வருடம் கையைப் பின்னால் கட்டி நின்றவளுக்கு அது சிரமமே இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். அதை வடிய விட ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். அதையும் நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்த்து, முள் கீழே இறங்கிய பிறகே தொடுவேன். முதல் முறை போட்டபோது, ஏதாவது தவறாக இருந்தால் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று கரண்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை இணைத்துத்தான் போட்டேன். உன் அய்யா மிக்ஸி வாங்கிய அன்று விளக்கத் தாளை ஜாருக்கு அடியில் மடித்து வைத்து, மூடி போடாமல் சுவிட்சைத் தட்டி, கூரை வரை தேங்காய்ச் சட்னி அடித்ததை நீ பார்த்திருக்கிறாய். அவரோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளுக்கு விளக்கத் தாளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் நாள் பாடவில்லை. ‘ங்ங்ங்’ என்று வண்டு பறப்பது போல் ஒரு முனகல்தான் வந்தது. பாண்டியம்மா விளக்குமாற்றோடு வந்து நின்று, “பெரியம்மா, இதுக்கா ரெண்டு மாசம்? எங்க ஊருல டிரான்ஸ்பார்மருக்குக் கீழ நின்னா இதே பாட்டுத்தானே கேக்குது” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாள் தேடினேன். எர்த் கம்பியை இரண்டு இடத்தில் இணைத்திருந்தேன். ஒன்றைக் கழற்றியதும் முனகல் நின்றுவிட்டது. செல்போனை அதில் செருகி நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டோம். பாண்டியம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “மூச்சு வாங்குறது கூட கேக்குது. ஆளு இங்கனயே உக்காந்து ஊதுற மாதிரில இருக்கு” என்றாள். எனக்கு மேல் ஸ்தாயியில் சில ஓசைகள் இப்போது கேட்பதில்லை, டாக்டரே சொல்லிவிட்டார். அவளுக்குக் கேட்டது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. உன் அய்யா போன இந்த ஆறு வருடத்தில், இதை நான் தொடங்கி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. சமைத்ததைச் சாப்பிட்டால் தீர்ந்துபோகிறது, துடைத்த வீடு மறுநாள் மணலாகிவிடுகிறது. இது மேசைமேல் அப்படியே நின்றது.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். இங்கேதான் உனக்கு ஜெயக்கொடி சொல்லாத ஒன்று இருக்கிறது. அவளுக்கே அப்போது தெரியாது. அன்று காலையிலிருந்து ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருந்தது. சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் குழைத்தாயிற்று. மணியைப் பார்த்தால் ராகுகாலம் தொடங்க ஐந்து நிமிடம். சுவிட்சை அணைத்தேன். அணைத்தபின் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும் என்று விளக்கத் தாளில் இருக்கிறது; அந்த வரிக்கு அடியில் நானே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். பாண்டியம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்று, “பெரியம்மா, சூடா இருக்கே, இரும்புல மட்டும் வைக்கவா?” என்று கேட்டாள். “கிண்ணத்த இப்படிக் குடு. ஒனக்கு நேரா வைக்க வராது” என்று வாங்கி, வால்வின் கண்ணாடிக்கு நட்ட நடுவில், ஈரச் சந்தனத்தை நான்தான் வைத்தேன். ‘டக்’. கண்ணாடியில் மயிரிழை போல் ஒரு கீறல். வால்வின் உச்சியில் உள்ளே வெள்ளி பூசியது போலிருந்த இடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் போல் வெளுத்துவிட்டது. காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த வால்வு அதோடு முடிந்தது.

சத்தம் கேட்டு ஜெயக்கொடி ஜன்னலுக்கு வந்தாள். “என்ன மதினி, என்ன சத்தம்?” மகனே, உன் அம்மா கண் இமைக்காமல் சொன்னாள்: “பாண்டியம்மா சூட்டோட பொட்டு வச்சா, வால்வு போயிருச்சு.” ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியும், தெரு முழுக்க என் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பெருமை பேசியிருந்தேன். பாண்டியம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். மறுநாள் வந்தாள், வேலையைச் செய்தாள், ஆம்ப்ளிஃபயர் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அடுப்படியில் அவள் முன்னால் போய் நின்று, “நான் செஞ்ச தப்பை உன் தலையில போட்டுட்டேன், மன்னிச்சிரு” என்றேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “எங்கிட்டச் சொல்றீக, சரி. எனக்குத்தான் தெரியுமே யாரு வச்சதுன்னு. ஜெயக்கொடி அக்காகிட்ட யாரு சொல்றது?” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே அடுத்த வீட்டுக்குப் போனேன். ஜெயக்கொடி முழுவதையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அய்யோ மதினி, நான் உங்க மகனுக்குப் போனப் போட்டு, பாண்டியம்மா வீட்டக் கொளுத்தப் பாத்தான்னு சொல்லிட்டேனே!” என்றாள். உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு விதை போட்டவள் நான். ஜெயக்கொடி தண்ணீர்தான் ஊற்றினாள்.

ஆகவே பாண்டியம்மாவை நிறுத்தச் சொன்னதை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கிறது என்று எச்சரித்தவள் அவள். நான் கேட்கவில்லை. மாற்று வால்வு முன்பே வாங்கி வைத்திருந்ததால் மறுநாளே மாட்டிவிட்டேன். நீயும் எதைக் கட்டினாலும் வால்வுகளில் ஒரு செட் கூடுதலாக வாங்கு. இனிமேல் பொட்டு அடியிலுள்ள இரும்புத் தகட்டில் மட்டும்தான், அதுவும் ஆறிய பிறகுதான், ராகுகாலம் வந்தாலும் சரி.

நீ கவலைப்படுவது தவறென்று நான் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்குகிறது. அதனால் மணிக்கட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்துப் பற்றவைக்கிறேன். கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதனால் மாலை வெளிச்சத்தில் மூடியைத் திறப்பதில்லை. தனியாக இருக்க முடியாத நாள் ஒன்று வரும். அன்று நானே சொல்வேன், அன்று நீ வண்டி கொண்டு வரலாம். உன் வீட்டில் எந்த அறை என்று கூடக் கேட்க மாட்டேன். ஆனால் அந்த நாள் இது அல்ல. ஒரு கண்ணாடி கீறியதற்கும் ஒரு பொய்க்குமாக நான் இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை ஜெயக்கொடியிடம் கொடுத்துவிட்டு வர மாட்டேன். பொய்க்குத் தண்டனை வேண்டுமென்றால் வேறு ஏதாவது கொடு, வாங்கிக்கொள்கிறேன். நீ வந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்: எர்த், சுவிட்சு, ரப்பர் பாய், மேசை, என் நடை. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல், சரிசெய்கிறேன். வரும்போது காலி வண்டி கொண்டு வராதே. நான்கு நாள் லீவோடு வா. உனக்கும் நான் கட்டியதைப் போலவே மூன்று வாட்டில் ஒரு கிட் வரவழைத்து வைக்கிறேன். நான்கு நாளில் நீ பற்றவைப்பாய், நான் தாளை வைத்துக்கொண்டு வாசிப்பேன். அது பாடிய பிறகு, என்னைத் தனியாக விடலாமா கூடாதா என்று நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். உன் பேச்சையும் கேட்பேன், குறுக்கிட மாட்டேன்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ அதட்டுகிறாய், நான் முறைத்துக்கொள்கிறேன், இருவரும் பாதியில் வைத்துவிடுகிறோம். வண்டி கொண்டு வருகிறாயா, லீவு போட்டு வருகிறாயா, இரண்டில் எது என்று ஒரு தாளில் உன் கையால் எழுதி, தீபாவளிக்கு முன் என் கைக்குக் கிடைக்கும்படி தபாலில் அனுப்பு.

அம்மா